லாட்ஜ் டிவியின் பின்பக்கம்

சனி, சென்னை

பயணத்துக்குத் தலையாட்டும் முன் பெரியம்மா இரண்டு நிபந்தனை போட்டாள். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடியாக வேண்டும். எந்த ஊரில் தங்கினாலும் ராத்திரி சீரியல் விட்டுப்போகக் கூடாது. அப்பாவுக்கு ஒரே நிபந்தனை: ஐபிஎல். தஞ்சாவூர், ராமேஸ்வரம், கன்னியாகுமரி, மதுரை, கொடைக்கானல் என்று காரில் ஒரு சுற்று. எந்தக் கோயிலில் எத்தனை மணிக்கு நடை சாத்துவார்கள் என்று விசாரிப்பதற்கு முன்பே டிவிக்கு வழி பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"ரூம்லதான் டிவி இருக்குமேடா, அப்புறம் என்ன?" என்றாள் அம்மா.

இருக்கும். ஆனால் லாட்ஜ்காரர்கள் டிடிஎச்சில் கட்டுவது பெரும்பாலும் மலிவான பேக். கிரிக்கெட் காட்டும் கட்டணச் சேனல் அதில் வரும் என்று நம்பி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. சீரியலுக்கு வேறு சிக்கல். கோயிலுக்குப் போய்விட்டு, சாப்பிட்டு, அறைக்குத் திரும்ப மணி ஒன்பதரை ஆகிவிடும். எட்டு மணி சீரியலை அப்புறம் ஓடிடியில்தான் பிடிக்க வேண்டும். ஃபோனில் பார்க்கச் சொல்லலாம்தான். பெரியம்மா ஃபோனைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு, "இதுல யாரு மாமியார், யாரு மருமகன்னே தெரியலையே" என்பாள்.

ஆக, லாட்ஜ் டிவியில் செருகிப் பார்க்க ஒரு சாதனம் வேண்டும். வீட்டில் இருந்ததையெல்லாம் மதியம் சாப்பாட்டு மேஜையில் பரப்பிக்கொண்டு நானும் அக்கா மகனும் உட்கார்ந்தோம்.

முதலில் லேப்டாப்பும் எச்டிஎம்ஐ கேபிளும். இது எங்கே போனாலும் கைவிடாது. லாட்ஜ் வைஃபை, லாகின் பக்கம், ஓடிபி, எதுவும் லேப்டாப்புக்குப் புதிதில்லை. ஆனால் நிறுத்தவும் ஓட்டவும் ஒவ்வொரு தடவையும் ஒருவர் எழுந்து போக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது அக்கா மகனின் பழைய குரோம்காஸ்ட். கூகுள் 2013-இல் 35 டாலருக்கு இறக்கிய அந்த ரகம். ரிமோட் கிடையாது, சொந்த மெனு கிடையாது, எதுவானாலும் ஃபோனிலிருந்து அனுப்ப வேண்டும். வீட்டில் அதைவிடச் சுகம் வேறில்லை. வெளியூரில் வைஃபை ஒரு லாகின் பக்கத்தைக் காட்டி "அறை எண் என்ன" என்று கேட்டால், பதில் சொல்ல அதனிடம் பிரவுசர் இல்லை. 2020-இல் ரிமோட்டோடு வந்த குரோம்காஸ்ட் வேறு மாதிரி. அது கையில் இருந்திருந்தால் யோசித்திருப்பேன். கூகுள் 2024-இல் அந்த வரிசையையே நிறுத்திவிட்டது.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் வீடியோ காலில் வந்து ரோகு கம்பெனியின் ஸ்டிக்கைப் புகழ்ந்தான். ஹோட்டல், ஹாஸ்டல் வைஃபைக்கென்றே அதில் தனி வசதி உண்டு. இணைக்கும்போது ஹோட்டலில் இருப்பதாகச் சொல்லிவிட்டால், லாகின் பக்கத்தை ஃபோனில் திறந்து முடித்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கம்பெனி இங்கே ஸ்டிக் விற்பதில்லை, நம் ஊர் ஆப்புகளை அதில் தேடிக்கொண்டும் இருக்க முடியாது. ஆப்பிள் டிவியிலும் 2022-இல் வந்த டிவிஓஎஸ் 15.4 என்ற மென்பொருள் பதிப்பு முதல் இதே வேலையை ஐஃபோன் வழியாகச் செய்யலாம். எங்கள் குடும்பத்தில் ஐஃபோன் கிடையாது. சீரியலுக்காகப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குப் பக்கமாக ஒரு பெட்டி வாங்கினால் பெரியம்மாவே திட்டுவாள்.

மிச்சம், ஹாலில் ஓடிக்கொண்டிருந்த ஃபயர் டிவி ஸ்டிக். அதைத்தான் கழற்றினேன். காரணம் படத் தரம் இல்லை. லாட்ஜில் மாட்டியிருக்கும் 32 இஞ்ச் டிவியில் 4கே ஸ்டிக்கும் சாதா ஸ்டிக்கும் ஒன்றுதான். எனக்கு வேண்டியிருந்தது மூன்று: சொந்த ரிமோட், சொந்த மெனு, லாகின் பக்கத்தைத் தானே திறக்கத் தெரிந்த பிரவுசர். ரிமோட் புளூடூத்தில் பேசுவதால் ஸ்டிக் டிவிக்குப் பின்னால் எங்கே ஒளிந்திருந்தாலும் வேலை செய்யும்.

படுக்கப் போகும் முன் அக்கா மகன் ஒரு வேலை செய்தான். தன் ஃபோன் ஹாட்ஸ்பாட்டுக்கு எங்கள் வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் வைத்தான். "ஸ்டிக்குக்கு வீட்லயே இருக்கோம்னு நெனப்பு வந்துரும் மாமா. எந்த ஊர்ல ஆன் பண்ணாலும் தானா ஒட்டிக்கும்." இருக்கட்டும் என்றேன்.

ஞாயிறு, தஞ்சாவூர்

விடியற்காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தோம். சாயங்காலம் பெரிய கோயில். ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்தது. சுடும் கல்லில் வெறுங்காலோடு நடக்க முடியாமல், போட்டிருந்த பாய் விரிப்பைத் தாண்டி யாரும் நகரவில்லை. வெயில் தாழ்ந்து விமானம் மஞ்சளாகும் நேரம் வரை பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு மேட்ச். மூன்றரை மணி மேட்ச் போய்விட்டது என்று அப்பா கோயிலிலேயே முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். ஏழரை மணி மேட்சையாவது காப்பாற்ற வேண்டும்.

அறை வைஃபை நான் எதிர்பார்த்தபடியே இருந்தது. பாஸ்வேர்டு கிடையாது. சேர்ந்த உடனே ஒரு பக்கம் திறக்கும், அதில் அறை எண்ணும் மொபைல் நம்பரும் போட வேண்டும், ஓடிபி வரும். ஸ்டிக்கை மாட்டி, செட்டிங்ஸில் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்ததும் அந்தப் பக்கம் டிவியிலேயே வந்து நின்றது. ரிமோட்டின் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்திப் பத்து இலக்க நம்பரை அடிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஏழாவது இலக்கத்தில் பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தது. மறுபடி அடித்தேன். இரண்டாம் சுற்றில் உள்ளே விட்டது.

சும்மா பார்க்கலாமே என்று அக்கா மகன் தன் குரோம்காஸ்டையும் பக்கத்து அறையில் முயன்றான். அது லாகின் பக்கத்தின் முன்னால் வாயில்லாமல் நின்றது. ரிசப்ஷனில் இருந்த தம்பியைக் கேட்டோம். "சார், அதோட மேக் அட்ரஸ் குடுங்க, நான் உள்ள போட்டு விடறேன்" என்றார். விஷயம் தெரிந்தவர். மேக் அட்ரஸ் என்பது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண். போட்டும் விட்டார். டாங்கிள் நெட்டுக்குள் போய்விட்டது, ஆனால் ஃபோனுக்கு அது கண்ணில் படவில்லை.

வைஃபை பழுதில்லை. இப்படித்தான் அமைப்பார்கள். ஒவ்வொரு கருவியும் இன்டர்நெட்டோடு பேசலாம், பக்கத்துக் கருவியோடு பேசக் கூடாது என்று ரௌட்டரில் தடுத்து வைப்பது. இல்லாவிட்டால் 204-இல் தங்கியிருப்பவர் தன் ஃபோனிலிருந்து 205-இன் டிவிக்குப் பாட்டு அனுப்பலாம். பாதுகாப்புக்கு நல்லது. ஃபோனிலிருந்து அனுப்பிப் பார்க்கும் சாதனங்களுக்கு மட்டும் இது சுவர். ரிமோட்டோடு தனியாக ஓடுகிற ஸ்டிக்குக்குப் பக்கத்துக் கருவி எதுவும் தேவையில்லை.

முதல் இன்னிங்ஸின் பாதியில் அப்பா உட்கார்ந்தார். மேட்ச் முடிந்ததும் சனிக்கிழமை எபிசோடு.

திங்கள், ராமேஸ்வரம்

பாம்பனில் காரை நிறுத்திப் பார்க்காதவர் யார்? கடலுக்கு மேல் பழைய ரயில் பாலமும், அதை ஒட்டி 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலமும். புதியதில் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் போல நேராக மேலே ஏறும். கப்பல் எதுவும் வரவில்லை. வெயில் தாங்காமல் பத்து நிமிடத்தில் வண்டியில் ஏறிவிட்டோம்.

தீர்த்தம் நாளைக் காலைதான். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் அறை. டிவி சுவரில் உயரத்தில் இருந்தது. கட்டிலில் கிடந்தது செட்டாப் பாக்ஸ் ரிமோட் மட்டும். ஸ்டிக்கை மாட்டினால் மட்டும் போதாது, டிவியை எச்டிஎம்ஐக்கு மாற்ற வேண்டும். அதற்கு டிவியின் சொந்த ரிமோட் வேண்டும். கீழே கேட்டால், "டிவி ரிமோட் கொடுக்கறதில்லைங்க, கெஸ்ட் எடுத்துட்டுப் போயிடறாங்க" என்றார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

சில டிவிகளில் கீழ் விளிம்பின் நடுவில் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் சோர்ஸ் மெனு வரும். நாற்காலி மேல் ஏறித் தடவிப் பார்த்தேன். தூசிதான் வந்தது. அக்கா மகன் கட்டிலில் படுத்தபடியே தன் ரெட்மியை டிவியை நோக்கி நீட்டினான். அந்த ஃபோனின் மேல் முனையில் ரிமோட்டில் இருப்பது போலவே ஒரு ஐஆர் பல்பு உண்டு. ரிமோட் ஆப்பில் டிவி பிராண்டைத் தேர்ந்தெடுத்து, ஒன்றிரண்டு மாடல் மாற்றிப் பார்த்ததும் சோர்ஸ் மெனு திரையில் இறங்கியது. நான் இன்னும் நாற்காலி மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்தது கரண்ட். டிவிக்குப் பின்னால் இருந்த ஒரே பிளக் பாயிண்டில் டிவியும் செட்டாப் பாக்ஸும் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. ஸ்டிக்கின் வயரை டிவியின் யுஎஸ்பி ஓட்டையில் செருகினேன். பழைய யுஎஸ்பி ஓட்டை அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் ஒரு ஆம்பியர். மெனு வரைக்கும் ஓடும், வீடியோ ஆரம்பித்ததும் மூச்சு வாங்கி மறுபடி லோகோவிலிருந்து தொடங்கும். இரண்டு தடவை அப்படியே ஆனது. பையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து, செட்டாப் பாக்ஸை அதற்கு மாற்றி, ஸ்டிக் அடாப்டரைப் பக்கத்தில் செருகினேன். அப்புறம் அது அசையவில்லை.

பயணப் பைக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதற்கு என்று சென்னையில் கேட்டவர்களெல்லாம் ராத்திரி ஃபோன் சார்ஜரோடு அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

செவ்வாய், ராமேஸ்வரம்

காலையில் அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல். அப்புறம் கோயிலுக்குள் கிணறு கிணறாக 22 தீர்த்தம். வாளி தூக்கி ஊற்றுகிறவர் பெரியம்மா தலையில் மட்டும் மெதுவாக ஊற்றினார், எங்கள் தலையில் கவிழ்த்தார். ஈரத்தோடு மூன்றாம் பிராகாரம் முழுக்க நடந்தோம். அந்தத் தூண் வரிசையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் விட்டுவிடுகிறேன்.

அறைக்குத் திரும்பினால் எட்டு ஈரத் துணி, ஒரு கொடி. அம்மா தன் புடவையை டிவி மேலேயே போடப் போனாள். பின்னால் கரண்டில் ஸ்டிக் தொங்குகிறது என்று நான் கத்தியது ரிசப்ஷன் வரை கேட்டிருக்கும்.

புதன், கன்னியாகுமரி

கடற்கரைச் சாலையில் தூத்துக்குடி வழியாக வந்தோம். உப்பளங்கள் தாண்டியதும் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், என்னைத் தவிர. படகில் போய் விவேகானந்தர் பாறை, அங்கிருந்து 2024 கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடந்து திருவள்ளுவர் சிலை. பாலம் 77 மீட்டர். கண்ணாடி பதித்த இடத்தை அம்மா கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி கடந்தாள். 133 அடிச் சிலையை அண்ணாந்து பார்த்ததில் எனக்குக் கழுத்து பிடித்தது.

இங்கே டிவியைச் சுவரோடு சுவராக அறைந்திருந்தார்கள். எச்டிஎம்ஐ ஓட்டை பின்பக்கம் நேராகச் சுவரைப் பார்த்து இருந்தது, இடைவெளி இரண்டு விரல். ஸ்டிக் மொத்தமாக உள்ளே போகாது. ஸ்டிக் வாங்கும்போது பெட்டிக்குள் ஒரு சாண்கூட இல்லாத எச்டிஎம்ஐ வயர் ஒன்று இருக்கும், எக்ஸ்டெண்டர். வீட்டில் யாரும் அதைப் பிரிப்பதில்லை. அந்த வயரின் தலையைக் கையால் தடவித் தடவிச் செருகி, ஸ்டிக்கை டிவிக்குக் கீழே தொங்கவிட்டேன். தொங்குவதில் இன்னொரு லாபம்: டிவியின் உலோக முதுகுக்குப் பின்னால் மறையாததால் வைஃபையும் நன்றாகப் பிடித்தது.

வைஃபை என்றால் லாட்ஜ் வைஃபை இல்லை. அது வராந்தா வரைதான் வந்தது. அக்கா மகன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டான். ஸ்டிக் நிஜமாகவே வீடு என்று நினைத்துத் தானாக ஒட்டிக்கொண்டது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் ஹாட்ஸ்பாட் என்றால் கணக்குப் பார்க்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும், சாதாத் தரத்தில் 1 ஜிபி. தினம் 2 ஜிபி பிளானில் ஒரு முழு மேட்ச் எப்படிப் பார்ப்பது? ஸ்டிக்கின் செட்டிங்ஸில் டேட்டா மானிட்டரிங் என்று ஒன்று இருக்கிறது. அதில் வீடியோ தரத்தைக் கடைசிப் படிக்கு இறக்கி வைத்தேன். நாங்கள் மூன்று ஃபோன் வைத்திருந்ததால் ஒன்று தீர்ந்தால் அடுத்தது என்று ஓட்டினோம். எல்லா ஃபோன் ஹாட்ஸ்பாட்டுக்கும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு.

மேட்ச் சூடு பிடித்தபோதுதான் வேடிக்கை. கீழே டீக்கடையில் டிடிஎச்சில் அதே மேட்ச். எங்கள் திரையில் பௌலர் ஓடிவரத் தொடங்குவார், கீழே "அவுட்டு!" என்று கூச்சல் கேட்கும். ஸ்ட்ரீமிங்கில் படத்தைத் துண்டு துண்டாக அனுப்பி, ஸ்டிக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டும். நேரலை என்று பேரே தவிர, டிடிஎச்சுக்குப் பின்னால்தான் வரும். எந்தச் சாதனம் வாங்கினாலும் இதற்கு மருந்தில்லை. அப்பா மூன்று விக்கெட் வரை பொறுத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு இறங்கிவிட்டார். டிவி பெரியம்மா கைக்கு வந்தது.

வியாழன், மதுரை

மீனாட்சியைப் பார்த்து, ஜிகர்தண்டா குடித்து, வெயிலுக்கு அறையில் அடைந்தோம். இந்தத் தடவை அறையிலேயே ஸ்மார்ட் டிவி. "பாத்தியா, இதுக்கு ஸ்டிக்கே வேண்டாம்" என்றார் அப்பா.

யூடியூபைத் திறந்தேன். முன்பு தங்கியிருந்த யாரோ ஒருவரின் அக்கவுண்ட் அப்படியே திறந்து கிடந்தது. அவர் மூல நோய்க்கு வைத்தியம் தேடியிருக்கிறார், நிலத் தகராறில் பட்டா மாற்றுவது எப்படி என்று பார்த்திருக்கிறார். பாவம், அறைக்கு வருகிறவர்களெல்லாம் அவர் கதையைப் படிக்கிறார்கள். லாக்அவுட் செய்துவிட்டு, எங்கள் பாஸ்வேர்டு எதையும் அதில் அடிக்காமல் ஸ்டிக்கையே செருகினேன். ஸ்டிக்கைக் கழற்றினால் அக்கவுண்டும் கூடவே பைக்குள் வந்துவிடும்.

வெள்ளி, கொடைக்கானல்

கோடையில் மேலே ஏற இ-பாஸ் வேண்டும். நேற்றே எடுத்து வைத்திருந்ததால் சோதனைச் சாவடியில் நிற்கவில்லை. வத்தலகுண்டு தாண்டி ஏற ஏற ஃபோனில் கோடுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஏரியைச் சுற்றி ஒரு நடை, சூடாக மக்காச்சோளம். அதற்குள் மஞ்சு இறங்கிவிட்டது.

தங்கிய இடம் ஊரிலிருந்து தள்ளி, ஒரு பள்ளத்தில். வைஃபை உண்டு என்று புக் செய்யும்போது போட்டிருந்தது. மழை வந்தால் லைன் போய்விடும் என்று வந்த பிறகு சொன்னார்கள். மழை வந்தது. கட்டில் பக்கம் சிக்னல் சுத்தமாக இல்லை. ஜன்னல் கம்பியோரம் மட்டும் இரண்டு கோடு.

இந்த இடத்தில்தான் ஹாட்ஸ்பாட் வேறு, பார்க்கும் கருவி வேறு என்று இருப்பதன் அருமை தெரிந்தது. ஃபோனைச் சிக்னல் இருக்கும் ஜன்னலில் வைக்கலாம், டிவி அது இருக்கும் சுவரிலேயே இருக்கலாம். நடுவில் பத்தடி வைஃபை. ஃபோனை ஒரு டம்ளருக்குள் நிறுத்தி ஜன்னல் திண்டில் வைத்தோம். ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினான் அக்கா மகன். வேகம் குறைவு, ஆனால் மறைப்புகளைத் தாண்டி எட்டும். தரம் ஏற்கெனவே கடைசிப் படியில்.

சீரியல் ஓடியது. முகமெல்லாம் கட்டம் கட்டமாக. மருமகள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. வசனம் மட்டும் ஒரு சொல் விடாமல் வந்தது. இன்னொரு ஸ்டிக் வாங்கினால் இதைவிட நன்றாகத் தெரியுமா என்று அம்மா கேட்டாள். தெரியாது, குறை சிக்னலில்தான் இருக்கிறது என்றேன். பெரியம்மா திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுதா பெரியம்மா?"

"தெரிஞ்சு என்னடா ஆகப் போவுது? சத்தத்தக் கொஞ்சம் கூட்டு."

அப்பா மேட்ச் கேட்டார். மிச்சம் இருந்த டேட்டா 400 எம்பி. ஸ்கோரை ஃபோனில் படித்துக்கொள்வதாக அவரே ஒப்புக்கொண்டார். நாளை மதியம் கீழே இறங்கிவிடுவோம், ஏழரைக்குள் திருச்சி. அறையில் என்ன டிவி, எத்தனை பிளக் பாயிண்ட் என்று இப்போதே ஃபோன் போட்டுக் கேட்டு வைத்துவிட்டேன்.